காந்தள்: அறிந்து வளர்க்க வேண்டிய அழகு

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலை, கல்லாற்றைக் கடந்தபின் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகளாக மலையேறுகிறது. உச்சி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மழைக்காலத்தில் இம்மலையடிவாரத்து வேலிகளையும் புதர்களையும் உற்று நோக்குவோர், நெருப்புச் சுடர் போல் மேல்நோக்கி வளைந்த இதழ்களைக் கொண்ட ஒரு மலரைக் காண இயலும். மலையாளத்தில் அதற்கு மேந்தோன்னி என்று பெயர். நாம் அதனைச் செங்காந்தள் என்கிறோம்.

தமிழ்நாட்டின் மாநில மலர் இதுவே. வீட்டுத் தோட்டத்தில் ஒன்றேனும் வளர்க்க வேண்டும் என்னும் விருப்பம் பலருக்கு உண்டு. கொங்கு வட்டாரத்திலும் காவிரிப் படுகையின் கடலோரத்திலும் இது பணப்பயிராகவும் விளைகிறது. அதே வேளையில், நம் மண்ணில் வளரும் கொடிய நஞ்சுச் செடிகளுள் இதுவும் ஒன்று. எனவே இச்செடியைப் பொறுத்தவரை, அடையாளம் அறிதல் முதற்பாடம். வளர்த்தல் இரண்டாம் பாடமே. இக்கட்டுரையில் அவ்விரண்டையும் அந்த வரிசையிலேயே காண்போம்.

ஆப்பிரிக்காவும் நம் மலைகளும்

காந்தளின் தாவரவியல் பெயர் குளோரியோசா சுபெர்பா. முன்னர் அல்லிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த இது, இன்று கோல்ச்சிகேசி என்னும் குடும்பத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. இதன் தாயகம் மிகப் பரந்தது. வெப்பமண்டல ஆப்பிரிக்கா, தென்னாப்பிரிக்கா, மடகாஸ்கர் ஆகிய பகுதிகளில் தொடங்கி, இந்தியா, இலங்கை வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை இது இயற்கையாக வளர்கிறது. இதன் உறவினங்களுள் பெரும்பாலானவை ஆப்பிரிக்காவுக்கே உரியவை. ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுதான். 1947-இல் பிரித்தானிய இளவரசி எலிசபெத்தின் 21-ஆம் பிறந்தநாளை ஒட்டி, அந்நாளில் தெற்கு ரொடீசியா எனப்பட்ட அந்நாட்டின் பள்ளிச் சிறுவர்கள் அவருக்கு இம்மலரின் வடிவில் அமைந்த வைரப் பதக்க ஊசி ஒன்றைப் பரிசளித்தனர்.

தமிழில் இதன் பழமை நாம் அறிந்ததே. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறப்படும் மலர்களின் வரிசை செங்காந்தளில்தான் தொடங்குகிறது. மலையாளக் கரையின் தாவரங்களைப் பதிவு செய்த ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்னும் இலத்தீன் நூலிலும் இச்செடி இடம்பெற்றுள்ளது. கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த அந்நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. உள்ளூர் வைத்தியர்களின் அறிவே அதன் அடித்தளம். பேராசிரியர் கே. எஸ். மணிலாலின் நெடுநாள் உழைப்பால் உருவான அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருவனந்தபுரத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டது. இச்செடிக்கு இன்றும் வழங்கும் அறிவியல் பெயரை லின்னேயசு 1753-இல் சூட்டினார்.

ஊருக்கு ஊர் பெயர்கள் மாறுகின்றன. கார்த்திகை மாதத்தை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப் பூ. கிழங்கு ஏர்க் கலப்பையைப் போல் வளைந்திருப்பதால் கலப்பைக் கிழங்கு. வடமொழிப் பெயரான லாங்கலி என்பதும் கலப்பையைக் குறிப்பதே. வேளாண் சந்தையில் வழங்கும் பெயர் கண்வலிக்கிழங்கு. இத்தனை பெயர்களும் ஒரே செடியைச் சுட்டுவன என்பதை மனத்தில் இருத்துவது நன்று. காந்தளை மலராக மட்டும் அறிந்தவர், கண்வலிக்கிழங்கு என்றால் வேறொரு செடி என எண்ணிவிடக்கூடும்.

செடியை அடையாளம் காணல்

பூத்த நிலையில் காந்தளை எவரும் தவறவிடமாட்டார். இதழ்கள் ஆறு. அவற்றின் விளிம்புகள் அலையலையாய் நெளிந்திருக்கும். மலர் தலைகவிழ்ந்து தொங்க, இதழ்கள் மட்டும் பின்னோக்கி வளைந்து வானை நோக்கி நிற்கும். மொட்டாக இருக்கையில் பச்சை, விரிகையில் மஞ்சள், பின்னர் செம்மஞ்சள், முதிர்கையில் செந்நிறம் என நிறம் மாறிக்கொண்டே போகும். ஆகவே ஒரே கொடியில் பல நிறப் பூக்களைக் காணலாம். மகரந்தக் கேசரங்கள் ஆறும் நாற்புறமும் விரிந்து நிற்கும். சூல்தண்டு அடியிலேயே ஏறத்தாழச் செங்கோணமாக மடங்கிப் பக்கவாட்டில் நீண்டிருக்கும்.

பூவில்லாத காலத்தில் இலையே வழிகாட்டி. காந்தளின் இலை காம்பற்றது. ஈட்டி போல் நீண்டு ஒடுங்கியது. நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுவன. எல்லாவற்றுக்கும் மேலாக, இலையின் நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு, அருகிலுள்ள கொம்பைப் பற்றிக்கொள்ளும். தலைச்சுருளி என்னும் நாட்டுப்பெயர் இதனால் அமைந்ததே. கேரளத்தின் ஈரக்காடுகளில் இலைநுனி சுருளும் வேறொரு கொடியும் உண்டு. ஆயினும் அதன் தண்டு பிரம்பு போல் கடினமாகவும், பூக்கள் சிறியனவாய் வெண்மையாகவும் இருக்கும். எனவே ஒரேயோர் அடையாளத்தை மட்டும் நம்பி முடிவு செய்தல் கூடாது. இலை, நுனி, தண்டு ஆகிய மூன்றையும் சேர்த்தே பார்த்தல் வேண்டும்.

நாற்றங்கால் கடைகளில் இருவகைக் காந்தள் கிடைக்கின்றன. நம் நாட்டு வகையின் இதழ் குறுகலானது, நெளிவு மிகுந்தது, அடிப்பகுதி மஞ்சளாகவும் மேற்பகுதி சிவப்பாகவும் அமைந்தது. ரோத்ஸ்சைல்டியானா என்னும் பெயரில் விற்கப்படுவது ஆப்பிரிக்காவிலிருந்து சென்ற வடிவம். அதன் இதழ் அகன்றது, நெளிவு குறைந்தது, ஆழ்ந்த செந்நிறத்தில் மஞ்சள் விளிம்பு கொண்டது. முன்னாளில் தனி இனமாகக் கருதப்பட்ட இதனையும் இன்று காந்தளின் ஒரு வடிவமாகவே தாவரவியலார் கொள்கின்றனர். பூங்கொத்து வணிகத்தில் பெரிதும் விலைபோவது இவ்வகையே. நஞ்சைப் பொறுத்தவரை, இரண்டையும் ஒன்றாகவே கருதிக் கையாள வேண்டும்.

கிழங்கில் உள்ள இடர்

பூவும் இலையும் தெளிவான அடையாளங்கள். ஆனால் காய் முதிர்ந்ததும் கொடி முழுவதும் பட்டுப்போகிறது. அடுத்த மழை வரை மண்ணுக்குள் கிழங்கு மட்டும் உறங்கிக் கிடக்கிறது. அந்நாட்களில் மண்ணைத் தோண்டுவோர் கையில் கிடைப்பது, பெயர் சொல்லாத ஒரு கிழங்கு. உயிரிழப்புக்கு இட்டுச் செல்லும் தவறு இவ்விடத்திலேயே நேர்கிறது.

திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டங்கள் கிழங்குக்குப் பெயர் பெற்றவை. மரச்சீனி, காச்சில், சேனை, சேம்பு, சிறுகிழங்கு, சர்க்கரைவள்ளி என்று இங்குள்ள அடுக்களைக்குக் கிழங்குகள் அன்றாடம் பழகியவை. மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் 1963-இல் திருவனந்தபுரத்தின் ஸ்ரீகாரியத்தில் நிறுவப்பட்டதும் இப்பின்னணியில்தான். மேற்கு ஆப்பிரிக்காவின் முதன்மை உணவான வெள்ளைக் காச்சிலிலிருந்தும் அந்நிலையம் நம் உழவர்களுக்கேற்ற வகைகளை உருவாக்கி வழங்கியுள்ளது. ஆக, ஆப்பிரிக்கத் தொடர்புடைய இரு கொடிகள் இன்று நம் வேலியில் அருகருகே ஏறி நிற்கக்கூடும். ஒன்று பசி தீர்ப்பது. மற்றொன்று உயிர் பறிப்பது.

இரண்டையும் வேறுபடுத்தும் வழிகள் இவை. காச்சிலின் இலை இதய வடிவினது, காம்புடையது, அதன் நரம்புகள் வளைந்து சென்று வலைபோல் பின்னியவை. கொடி தன் தண்டினாலேயே சுற்றி ஏறும். இலைநுனியில் பற்றுக்கம்பி இராது. காச்சில் கிழங்கின் தோல் சொரசொரப்பானது, சல்லிவேர்கள் ஒட்டியிருக்கும். காந்தள் கிழங்கோ வழவழப்பான தோலும் வெண்ணிறச் சதையும் உடையது. பெரும்பாலும் இரு கைகள் ஒரு முனையில் கூடியது போல், கவைக்கொம்பு வடிவில் இருக்கும். கைகளின் நுனி கூர்மையானது. ஒரு கை ஒடிந்துவிட்டால் இவ்வடிவம் மறைந்து, சாதாரண நீள் கிழங்கு போலவே தோன்றும் என்பதை நினைவிற்கொள்க. தானே நட்டு வளர்த்ததென்றோ, நன்கறிந்தவர் தந்ததென்றோ உறுதியாகாத எந்தக் கிழங்கையும் அடுப்பேற்றாதிருத்தலே பாதுகாப்பான விதி.

காந்தளின் எல்லாப் பகுதிகளிலும் கோல்ச்சிசின் என்னும் நஞ்சு உள்ளது. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. வேகவைப்பதால் அது நீங்காது. இலங்கையில் சிற்றூர்ப்புறங்களில் இக்கிழங்கை வள்ளிக்கிழங்கெனக் கருதி உண்டு இறந்தோர் பற்றிய மருத்துவப் பதிவுகள் பல உள்ளன. 1966-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியான ஓர் இலங்கைக் குறிப்பு, இந்நஞ்சிலிருந்து பிழைத்தவருக்கு உடலெங்கும் முடி உதிர்ந்ததைப் பதிவு செய்கிறது. உயிரணுக்கள் பிரிந்து பெருகுவதை இந்நஞ்சு தடுக்கிறது. ஆகையால் குடலின் உட்படலம், எலும்பு மச்சை, மயிர்க்கால் என விரைந்து புதுப்பிக்கப்படும் உறுப்புகளே முதலில் தாக்குண்கின்றன.

உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் கடும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். அவை சற்றுத் தணிந்தது போல் தோன்றினும் இடர் நீங்கியதாகாது. அடுத்த சில நாட்களில் சிறுநீரகம், இதயம், இரத்த அணுக்கள் ஆகியவை பாதிக்கப்படலாம். இதற்கென எளிதில் கிடைக்கும் முறிமருந்து இல்லை. ஆகவே ஐயம் எழுந்த உடனேயே, அறிகுறிகளுக்குக் காத்திராமல் 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எஞ்சிய கிழங்கையோ கொடியையோ உடன் கொண்டுசெல்வது மருத்துவருக்குப் பெருந்துணையாகும்.

நஞ்சே மருந்தாகும் முறை

இதே கோல்ச்சிசின்தான் காந்தளுக்குச் சந்தை மதிப்பையும் தருகிறது. பிரெஞ்சு வேதியியலாளர்களான பெலத்தியேவும் காவந்துவும் 1820-இல் ஐரோப்பிய உறவுச் செடியான கோல்ச்சிக்கத்திலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தனர். கீல்வாதத்தின் கொடிய வகையான கவுட் நோய்க்கு, மிகக் குறைந்த அளவில் மருத்துவர் மேற்பார்வையில் இது வழங்கப்படுகிறது. இதயநோய் இடரைக் குறைப்பதற்காக 0.5 மில்லிகிராம் அளவிலான மாத்திரைக்கு அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2023-இல் ஒப்புதல் அளித்தது. தாவர உயிரணுக்களின் குரோமோசோம் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும் ஆற்றல் இதற்கு உண்டென 1937-இல் நிறுவப்பட்டது. விதையில்லாத் தர்பூசணி அந்த அறிவின் விளைவே. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைப்பட்ட அளவு இங்கு மிகக் குறுகியது. வீட்டில் வளர்க்கும் காந்தளை எவ்வகை வைத்தியத்துக்கும் தாமாகப் பயன்படுத்தலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

வீட்டில் வளர்த்தல்

காந்தளின் கிழங்கை வேர் எனக் கருதுவோர் பலர். மரச்சீனியும் சர்க்கரைவள்ளியும் பருத்த வேர்கள். காந்தள் கிழங்கோ மண்ணடியில் பருத்த தண்டு. இவ்வேறுபாடு அறிவதால் பயன் உண்டு. கிழங்கின் ஒவ்வொரு கையிலும் முளைக்கும் மொட்டு அதன் நுனியில் மட்டுமே அமைந்துள்ளது. நுனி ஒடிந்தால் அக்கை முளைக்காது. உருளைக்கிழங்கைப் போல் துண்டு துண்டாக வெட்டி நட முடியாததும் இதனால்தான்.

நடுவதற்கு ஆடி மாதத்தை ஒட்டிய மழைத் தொடக்கம் ஏற்றது. வடிகால் துளையுள்ள அகன்ற, ஆழமான தொட்டியில் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைக் கலந்து நிரப்புக. கிழங்கைப் படுக்கைவாட்டில் வைத்து, நுனிக்கு ஊறு நேராமல் இரண்டங்குல மண்ணால் மூடுக. நீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். முளை வெளிவந்ததும் பற்றிப் படர மெல்லிய குச்சிகளோ கம்பிவலையோ தேவை. இலைநுனியால் தடித்த தூணைப் பற்ற இயலாது. வெயில் நன்கு விழும் இடமே சிறந்தது. கருமையும் வெண்மையும் செம்மையும் கலந்த புள்ளிகளுடைய ஒருவகைப் புழு இலைகளைத் தின்று தீர்க்கும். காலையில் கையுறையணிந்து பொறுக்கி அகற்றலாம். இலை மஞ்சளாகத் தொடங்கியதும் நீரை நிறுத்துக. தொட்டியை மழைபடாத இடத்தில் வைத்தால், அடுத்த பருவத்தில் கிழங்கு தானாகவே துளிர்க்கும். விதையிலிருந்தும் வளர்க்கலாம், ஆனால் பூப்பதற்குச் சில ஆண்டுகள் பிடிக்கும்.

தொட்டியின்மீது செடியின் பெயரையும் ‘நஞ்சு’ என்னும் சொல்லையும் எழுதி வைப்பது நம் கடமை. கொடி பட்டுப்போன பின்னரும் அந்தப் பலகை அங்கேயே இருக்கட்டும். உறங்கும் கிழங்கைப் பிறர் அறியச் செய்வது அதுவே. சிறுவர்களும் வளர்ப்பு விலங்குகளும் அணுகாத இடமாகத் தேர்க. கிழங்கைத் தொட்டபின் கைகளைக் கழுவுக. அடுக்களைக் கத்தியை இதற்குப் பயன்படுத்தாதீர்.

பொன்முடி போன்ற மலைகளிலிருந்து கிழங்கைப் பெயர்த்து வருவதை அறவே தவிர்க்க வேண்டும். காப்புக்காட்டுச் செடியை அகற்றுவது சட்டப்படி குற்றம்; அன்றியும், இவ்வாறு தோண்டியதால் பல இடங்களில் காந்தள் அருகிவிட்டது. தாவரங்களை முறையாகக் கண்டு கற்க விரும்புவோர், அம்மாவட்டத்தின் பாலோட்டில் 1979-இல் நிறுவப்பட்ட ஜவஹர்லால் நேரு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவுக்குச் செல்லலாம்.

பயிராக எண்ணுவோர் கவனத்துக்கு

தமிழ்நாட்டில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, ஜெயங்கொண்டம், வேதாரண்யம் ஆகிய பகுதிகளில் கண்வலிக்கிழங்கு விளைகிறது. பெயரில் கிழங்கு இருப்பினும் விற்பனைக்குரியது விதையே. மருந்து நிறுவனங்களுக்காக வணிகர்கள் அதனை வாங்குகின்றனர்.

இதில் இறங்குமுன் எண்ண வேண்டியவை சில. முதலாவது, விதைக்கிழங்கின் செலவு. 50 கிராம் எடையுள்ள 20,000 கிழங்குகள் சேர்ந்தாலே ஒரு டன் ஆகிவிடும். கொடி படர முள்கிளுவை வேலியோ கம்பிப் பந்தலோ அமைக்க வேண்டும். இவை இரண்டும் முதலாண்டிலேயே செலவாகும் மூலதனம். கிழங்கு ஐந்தாறு ஆண்டுகள் நிலத்திலேயே பலன் தரும் என்பதால், கடனின் தவணைக் காலத்தையும் அதற்கேற்பத் திட்டமிடுதல் நன்று.

இரண்டாவது, ஆள்கூலி. சூல்தண்டு பக்கவாட்டில் விலகி நிற்பதால், மகரந்தம் தானாகச் சூல்முடியைச் சேர்வது அரிது. நல்ல காய்ப்புக்கு உழவர்கள் பூக்கும் பருவத்தில் நாள்தோறும் காலையில் பூப்பூவாகச் சென்று மகரந்தத்தைக் கையால் தொட்டு வைக்கின்றனர். நட்டு ஏறத்தாழ ஐந்தரை முதல் ஆறு மாதத்தில் காய் முதிர்கிறது. விதை பிரிக்கும் பணியில் ஈடுபடுவோருக்குக் கையுறையும் முகக்கவசமும் அளிப்பதும் செலவுக்கணக்கில் சேர வேண்டும்.

மூன்றாவது, விலை. வாங்குவோர் சிலர், விலை ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஏறி இறங்குவது. சென்ற ஆண்டின் உச்ச விலையை அடிப்படையாகக் கொண்டு கடன் தொகையைக் கணக்கிடுவது பெருந்தவறாகும். தாழ்ந்த விலையிலும் தவணை கட்ட இயலுமா என்று பார்த்தபின் முடிவெடுக்கவும். முழு நிலத்தையும் இதற்கே ஒதுக்காமல் ஒரு பகுதியில் மட்டும் தொடங்குவது அறிவுடைமை. தங்கள் வட்டாரத்தில் இப்பயிர் காப்பீட்டுப் பட்டியலில் உள்ளதா, கிசான் கடன் அட்டையில் இதற்கு எவ்வளவு கடன் அளவு வகுக்கப்பட்டுள்ளது என்பனவற்றை நடவுக்கு முன்னரே தோட்டக்கலைத் துறையிடமும் வங்கிக் கிளையிடமும் கேட்டறிக.

இறுதியாக ஒன்று. நிலத்தை விற்கும்போதோ குத்தகைக்கு விடும்போதோ, அதில் கண்வலிக்கிழங்கு இருந்ததை அடுத்தவரிடம் சொல்லிவிட வேண்டும். கொடி மறைந்தாலும் கிழங்கு ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும்; புதிதாக வந்து அந்நிலத்தைக் கொத்துவோர் அதனை அறியமாட்டார். பத்திரத்தில் எழுத இடமில்லாத இச்செய்தியை வாய்மொழியாகவேனும் தெரிவிப்பது, ஓர் உயிரைக் காக்கக்கூடும்.